ரூபாய்க்கு எத்தனை அணா வலி?

கண்ணுகளா, பட்டம் வாங்கிய கையோடு இந்த ஊருக்கு வேலைக்கு வந்தால் நீங்கள் முதலில் தொடப்போவது யாரோ ஒருவரின் கழுத்தாகத்தான் இருக்கும். திருப்பூரில் 34 வருஷமாக இயன்முறை மருத்துவம் பார்க்கிறேன். ஓவர்லாக் மிஷினில் குனிந்து தைக்கிறவர்கள், செக்கிங் மேசையில் பீஸைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து இறுகியவர்கள், பண்டல் தூக்குகிறவர்கள் எனப் பலரும் "தலைவலிங்க" என்றுதான் ஆரம்பிப்பார்கள். விசாரித்தால் வலி பொடனியில் கிளம்பி, மண்டையின் ஒரு பக்கமாக ஏறி, புருவத்துக்கு மேலே வந்து உட்கார்ந்திருக்கும். பிறப்பது கழுத்தில், தெரிவது தலையில். இதைப் பார்க்கப் பழகும் உங்களிடம் சில விஷயங்களைச் சொல்லி வைக்க வேண்டும். எலும்பும் தசையும் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். ஒரே மாதிரிக் கழுத்துள்ள இரண்டு பேருக்கு வலி மட்டும் ஏன் வேறு வேறாக இருக்கிறது என்பதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

1. வலி எவ்வளவு என்பதை உங்கள் விரல் முடிவு செய்ய விடாதீர்கள்.

நான் செய்த தவற்றிலிருந்தே தொடங்குகிறேன். பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். ஒரே கம்பெனியில், ஒரே லைனில், அடுத்தடுத்த மிஷினில் தைத்த இரண்டு பெண்கள் ஒரே வாரத்தில் வந்தார்கள். இருவருக்கும் நாற்பதை ஒட்டிய வயது, இருவருக்கும் வலது பக்கம். மல்லாக்கப் படுக்க வைத்து, முகவாய் நெஞ்சைத் தொடும் அளவுக்குத் தலையை மடித்து, அப்படியே பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தேன். கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவிலுள்ள மூட்டின் அசைவு அந்த நிலையில்தான் தனியாகப் பிடிபடும். நல்ல கழுத்து சுமார் 44 டிகிரி திரும்பும். 32-க்கும் கீழே நின்றுவிட்டால் அந்த மூட்டு இறுகிக் கிடக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம். ஒருவருக்கு 26, மற்றவருக்கு 28. வலியைக் கேட்டேன். 26 டிகிரிக்காரர் பத்துக்கு மூன்று என்றார். 28 டிகிரிக்காரர் ஒன்பது என்றார்.

அந்த ஒன்பதை நான் நம்பவில்லை. லீவுக்குச் சீட்டு வாங்க வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். இருவருக்கும் மேல்கழுத்து மூட்டுகளை ஒரே மாதிரி அழுத்தி அசைத்தேன், ஒரே பயிற்சிகளைக் கொடுத்தேன். முதலாமவர் நாலாவது தடவையிலேயே சரியாகிப் போனார். இரண்டாமவர் அன்று ராத்திரி வாந்தி எடுத்து, இரண்டு நாள் எழுந்திருக்காமல் கிடந்து, சனிக்கிழமைச் சம்பளத்தில் அந்த இரண்டு ஷிப்டையும் இழந்திருக்கிறார். எனக்கு அவர் வரவில்லை என்பது மட்டும்தான் தெரியும். நாலு மாதம் கழித்து உழவர் சந்தையில் பார்த்தேன். தலையில் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார். ஏம்மா வரவில்லை என்று கேட்டேன். "நான் பொய் சொல்றேன்னு நீங்க நெனச்சீங்க டாக்டரம்மா. உங்க கையிலயே அது தெரிஞ்சுதுங்க" என்றார்.

அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. அடுத்த நாளே வரச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் வர மூன்று வாரம் ஆனது.

2. ஒன்பது என்பது உண்மையான ஒன்பதுதான்.

அமெரிக்காவில் வட கரோலினாவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் காக்கில் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் செய்த ஆய்வு ஒன்று 2003-ல் வெளிவந்தது. நோய்நொடி இல்லாத 17 பேரின் காலில் 49 டிகிரி செல்சியஸ் சூட்டை வைத்து, மூளையை ஸ்கேன் எடுத்தபடி வலியைக் கேட்டார்கள். எல்லோருக்கும் ஒரே கருவி, ஒரே சூடு. ஒருவர் பத்துக்கு ஒன்று என்றார். இன்னொருவர் கிட்டத்தட்ட ஒன்பது என்றார். உடம்பிலிருந்து செய்தி வந்து சேரும் வாசலான தலாமஸ், கூடச் சொன்னவர்களிடமும் குறைத்துச் சொன்னவர்களிடமும் ஒரே மாதிரிதான் வேலை செய்தது. அதற்கு மேலே, வந்த செய்தியை வலியாக உணரும் மூளைப் புறணியில்தான் வித்தியாசம் இருந்தது. கூடச் சொன்னவர்களிடம் அந்தப் பகுதிகள் நிஜமாகவே கூடுதலாக வேலை செய்தன. அவர்கள் மிகைப்படுத்தவில்லை, தங்கள் மூளையில் நடந்ததைச் சொன்னார்கள்.

மறுபக்கமும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியின் அன்சியோ கடற்கரையில் காயம்பட்டு வந்த சிப்பாய்களைப் பார்த்த ஹென்றி பீச்சர் என்ற மருத்துவர், பலத்த காயத்தோடு வந்தவர்களில் நாலில் மூன்று பேர் வலிக்கு மருந்து வேண்டாம் என்றதை 1946-ல் எழுதினார். சண்டை முடிந்தது, உயிரோடு வீட்டுக்குப் போகப்போகிறோம் என்பது அவர்களுக்கு அந்தக் காயத்தின் பொருள். காயத்தின் அளவும் வலியின் அளவும் சேர்ந்தே நடப்பதில்லை. ஒருவர் வலிக்கிறது என்று சொன்னால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்று சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020-ல் வலிக்கான தன் வரையறையோடு சேர்த்தே எழுதி வைத்துவிட்டது. சந்தையில் அந்த அம்மா என்னிடம் கேட்டதும் அதைத்தான்.

3. கழுத்து வலிப்பதால் மட்டும் அது கழுத்திலிருந்து வந்த தலைவலி ஆகிவிடாது.

இந்தத் தலைவலிக்குத் தனிப்பெயர் கொடுத்து 1983-ல் எழுதியவர் நார்வே நாட்டு மருத்துவர் ஒட்டார் ஷோஸ்டாட். மேல்கழுத்தின் முதல் மூன்று நரம்புகளும், நெற்றியிலிருந்தும் கண்ணைச் சுற்றியும் உணர்வைக் கொண்டுவரும் முக்கிளை நரம்பும் தண்டுவடத்தின் உச்சியில் ஒரே நரம்பணுக் கூட்டத்தில் வந்து சேர்கின்றன. இரண்டு வாய்க்கால் தண்ணீர் ஒரு மதகில் கலந்துவிட்டால் எந்தத் தண்ணீர் எதிலிருந்து வந்தது என்று பிரிக்க முடியாது. அதனால் கழுத்து மூட்டின் வலி புருவத்தில் தெரிகிறது. அதே காரணத்தால் ஒற்றைத் தலைவலிக்காரருக்குக் கழுத்தில் ஒரு கோளாறும் இல்லாமலே கழுத்து வலிக்கும். ஆகவே நீங்கள் கழுத்தை அசைக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி "வலிக்குதா?" என்பது கிடையாது. "தினமும் வருதே, அதே வலிதானா இது?" என்று கேளுங்கள். "ஆமாங்க, இதேதான்" என்று முகம் மாறும் பாருங்கள், அது வேறு பதில்.

அந்த மதகு எல்லோருக்கும் ஒரே அளவு திறந்திருப்பதில்லை. நாள்பட வலித்தவர்களில் சிலருக்கு அது மூடவே மறந்துவிடுகிறது. முடியைத் தொட்டாலும், கொண்டை போட்டாலும், வெளிச்சம் பட்டாலும் வலி என்பார்கள். நம்புங்கள்.

4. எண்ணைக் கேட்கத் தெரிந்துகொள்ளுங்கள்.

பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சரிதான். ஆனால் பள்ளிக்கூடத்தில் மார்க்குக்குப் பயந்தவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்டதும் சரியான விடை எது என்று உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். சிலர் "பத்துக்கு இருபதுங்க" என்பார்கள். திருத்த வேண்டாம். தன் வலி பத்தில் அடங்காது என்பதுதான் அவர் சொல்லவரும் சேதி. அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

எழுபது வயது நெசவாளர் ஒருவர் எண் சொல்லத் தெரியாமல் தவித்தார். "ரூபாய்க்கு எத்தனை அணா வலிக்குதுங்க?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "காத்தால எந்திரிச்சா நாலணா. பொழுது சாய பன்னண்டணா. தறியில உக்காந்துட்டா முழு ரூபாயும்தானுங்க" என்றார். ஒரு நாள் முழுவதன் வலியும் கைக்கு வந்துவிட்டது. எந்த வேலை, எந்த நேரம், எவ்வளவு என்ற மூன்றையும் அவராகவே சொல்லிவிட்டார். இளவயதுக்காரர்களுக்கு அணா என்ற பழைய காசுக் கணக்கு தெரியாது. அவர்களிடம் இந்த வலியோடு சமைக்க முடிகிறதா, வண்டி ஓட்டுகையில் திரும்பிப் பார்க்க முடிகிறதா, வீட்டில் டிவி சத்தம் பொறுக்கிறதா என்று கேட்பேன்.

இவருடைய ஏழையும் அவருடைய ஏழையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். இவருடைய இந்த வார ஏழை இவருடைய போன வார எண்ணோடு மட்டும் பாருங்கள். இரண்டு குறைந்திருந்தால் உண்மையிலேயே ஏதோ நடந்திருக்கிறது.

5. அவர் சொன்ன சொல்லை மாற்றி எழுதாதீர்கள்.

கனடாவில் ரொனால்ட் மெல்சாக் 1975-ல் வெளியிட்ட மெக்கில் வலி வினாத்தாளில் வலியைச் சொல்லும் 78 சொற்கள் இருக்கின்றன. அதை முதலில் பார்த்தபோது எனக்கு நம் ஆட்கள் பேசுவதுதான் நினைவுக்கு வந்தது. விண் விண்ணென்று தெறிக்குது, குடையுது, கடுக்குது, சுருக்கென்று குத்துது, இழுத்துப் பிடிக்குது, மண்டை பாரமாகக் கிடக்குது, எரியுது, மரமரக்குது, உளையுது என்று எத்தனை சொல் வைத்திருக்கிறோம்! பதிவேட்டில் எல்லாவற்றையும் 'தலைவலி +' என்று எழுதி முடித்துவிடுகிறோம். விண்விண்ணென்று தெறித்து, குமட்டலோடு வந்தால் ஒற்றைத் தலைவலியையும் நினைக்க வேண்டும். கழுத்திலிருந்து வருவது பெரும்பாலும் தெறிக்காது. மந்தமாக இழுத்துப் பிடிக்கும், பக்கம் மாறாது, கழுத்தை ஒரே நிலையில் வைத்திருந்தால் கூடும். சுருக்கென்று மின்சாரம் பாய்ந்த மாதிரி பின்மண்டையில் அடித்தால் அங்கே ஓடும் நரம்பைச் சந்தேகப்படலாம். ஒரே ஆள் இரண்டு மூன்று வலியையும் சேர்த்து வைத்திருப்பதும் உண்டு. அதைப் பிரித்துச் சொல்ல அவருக்கு நேரம் கொடுங்கள். குறுக்கே பேசாமல் இரண்டு நிமிஷம் இருந்தால் போதும். புதிதாக வந்தவர்களுக்கு அந்த இரண்டு நிமிஷம்தான் கஷ்டமாக இருக்கிறது.

6. கை வைப்பதற்கு முன்னால், வலி எவ்வளவு சீக்கிரம் கிளம்புகிறது, எவ்வளவு நேரம் கழித்து அடங்குகிறது என்று கேளுங்கள்.

ஆஸ்திரேலியாவின் ஜெஃப்ரி மெயிட்லண்ட் நம் தொழிலுக்குக் கொடுத்த பெரிய சொத்து இது. என்ன செய்தால் வலி கிளம்புகிறது? கிளம்பினால் எவ்வளவு? அடங்க எத்தனை நேரம்? என் இரண்டு பெண்களிடம் இந்த மூன்றையும் கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். முதலாமவருக்கு முழு ஷிப்ட் தைத்த பிறகு வலி வரும், ஒரு டீ குடித்துக் கழுத்தை நீவிவிட்டால் போய்விடும். இரண்டாமவருக்குக் கால்மணி நேரம் குனிந்தால் கிளம்பும், மறுநாள் காலைவரை இருக்கும். 26-ம் 28-ம் இதைச் சொல்லாது.

மூன்று வாரம் கழித்து அவர் வந்தபோது என்ன செய்தேன் என்பதை விவரமாகச் சொல்கிறேன், உங்களுக்கு உதவும். முதல் நாள் அழுத்தவே இல்லை. மல்லாக்கப் படுக்க வைத்து, பின்மண்டைக்கு அடியில் இரண்டு உள்ளங்கையையும் கொடுத்து, தலையின் பாரம் என் கையில் இறங்கும்வரை காத்திருந்தேன். நாலு நிமிஷத்துக்கு மேல் ஆனது. அதுவரை அவர் தலையைத் தானே தூக்கிப் பிடித்திருந்தார், அது அவருக்கே தெரியவில்லை. வலி தொடங்குவதற்கு வெகு முன்பே நிறுத்திவிடுகிற மிகச் சின்ன அசைவு, அரை நிமிஷம், இரண்டு தடவை. அவ்வளவுதான், வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். மறுநாள் காலையில் போன் செய்து, ராத்திரி எப்படி இருந்தது என்று கேட்டேன். "கூடலைங்க" என்றார். கூடவில்லை என்ற அந்தச் சொல் எனக்குப் பெரிதாக இருந்தது.

மூன்றாவது வாரத்தில்தான் பயிற்சி. கழுத்துக்கு அடியில் காற்றுப்பை வைத்து 20 மி.மீ. அழுத்தம் ஏற்றி, 'ஆமாம்' என்று தலையாட்டுவது போல மெல்ல முகவாயை இறக்கி 22-க்குக் கொண்டுவந்து நிறுத்தும் பயிற்சி. அதற்கென உள்ள கருவி இல்லையென்றால் பி.பி. பார்க்கும் பட்டையை மடித்து வையுங்கள், நான் பல வருஷம் அப்படித்தான் செய்தேன். 22, 24 என்று இரண்டிரண்டாக 30 வரை போக வேண்டும், ஒவ்வொன்றிலும் பத்து விநாடி, பத்து தடவை என்பது பாடம். அவருக்கு 22-ல் ஐந்து விநாடி, மூன்று தடவையிலிருந்து ஆரம்பித்தேன். கழுத்தின் முன்பக்கம் தசை புடைத்தாலோ, மூச்சைப் பிடித்தாலோ அன்றைக்கு அத்தோடு நிறுத்தம். 26-ல் பத்து விநாடி நிற்க நாலு மாதம் ஆனது. அந்த நாலு மாதத்தில் ஒருநாள்கூட அவர் வராமல் இருக்கவில்லை.

7. ஒரே பயிற்சித் தாளை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் நீட்டாதீர்கள். பேனாவால் எழுதிக் கொடுங்கள். ஒரு நிமிஷம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

8. எண் சின்னதாக இருந்தால் ஆபத்து இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

முப்பது வயதுகூட ஆகாத ஒரு தம்பி. சலூனில் தலையைப் பிடித்துச் சடக்கென்று திருப்பிச் சொடக்கு எடுத்திருக்கிறார்கள். மூன்று நாளாகக் கழுத்தின் ஒரு பக்கமும் தலையும் வலிக்கிறது. "மூணுதாங்க இருக்கும். வேலைக்குப் போய்ட்டுதான் இருக்கேன்" என்றார். இதுபோல முன்னே பின்னே வந்ததில்லையாம். பேசிக்கொண்டிருக்கும்போது கவனித்தேன், வலி உள்ள பக்கத்து இமை கொஞ்சம் தாழ்ந்திருந்தது. அந்தக் கண்ணின் பாப்பாவும் மற்றதைவிடச் சிறியது. கழுத்தில் கையே வைக்காமல் 108-ஐ வரச் சொன்னேன். கழுத்து ரத்தக்குழாயின் உள்சுவர் கிழிந்திருந்தது ஸ்கேனில் தெரிந்தது. அப்படிக் கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். நான் வழக்கம்போல மூட்டை அசைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

ஒரு நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போகும் தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, பேச்சுக் குழறல், இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, கை கால் பலவீனம், ஐம்பது வயதுக்குமேல் முதன்முறையாக வருகிற தலைவலி, அடிபட்ட பிறகு நாளுக்கு நாள் கூடும் வலி, முன்பு புற்றுநோய் இருந்தவர் என இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் அனுப்பிவிட்டுத்தான் மற்றது. சுமைதூக்குகிறவர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். வலியைக் குறைத்துச் சொல்லியே பழகியவர்கள் அவர்கள். "ஒண்ணுமில்லீங்க, சும்மா இவ கூட்டிட்டு வந்துட்டா" என்பார்கள். கூட வந்த மனைவியின் முகத்தைப் பாருங்கள்.

9. 'தேய்மானம்' என்ற சொல்லை அளந்து பேசுங்கள்.

பெரிய கவரில் படத்தைப் போட்டுக்கொண்டு வருவார்கள். உட்காருவதற்குள் "கழுத்தெலும்பு தேஞ்சுபோச்சுங்க" என்பார்கள். ஜப்பானில் கழுத்துத் தொந்தரவே இல்லாத 1211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2015-ல் வெளியிட்டார்கள். அவர்களில் நூற்றுக்குச் சுமார் 88 பேருக்கு வட்டு பிதுங்கியிருந்தது. இருபது வயதுக்காரர்களிலேயே பெரும்பாலானவர்களுக்கு இருந்தது. நரை மாதிரி அது. படத்தில் தெரிவது பொய் என்று நான் சொல்லவில்லை. அது வலியின் அளவைச் சொல்லாது.

அந்தச் சொல் உள்ளே போய் என்ன செய்கிறது என்று பாருங்கள். தேய்ந்துவிட்டது என்று கேட்ட ஓர் அம்மா ஒன்றரை வருஷம் கழுத்தில் பட்டையோடு இருந்தார். திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால் உடம்போடு திரும்பினார். பேத்தியைத் தூக்கினால் எலும்பு உடைந்துவிடும் என்று நம்பினார். அசைக்காத கழுத்து இறுகியது, இறுகியதால் வலித்தது, வலித்ததால் இன்னும் பயந்தார். அவருடைய எட்டில் எத்தனை மூட்டினால் வந்தது, எத்தனை அந்தச் சொல்லால் வந்தது என்று என்னால் பிரிக்க முடியவில்லை. ஆனால் பட்டையைக் கழற்றச் சொல்லி, கண்ணாடி முன் நிற்க வைத்து, அவர் கழுத்து எவ்வளவு தூரம் வலியில்லாமல் திரும்புகிறது என்று அவருக்கே காட்டியபோது அந்த அறையிலேயே ஐந்தானது. அன்றைக்கு நான் அவரைத் தொடக்கூட இல்லை.

10. பால்கணக்கு எழுதும் காலண்டரை எடுத்துவரச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு வீட்டிலும் சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் மாதக் காலண்டர் தொங்கும். அந்தக் கட்டத்திலேயே ராத்திரி படுக்கும் முன் அன்றைய வலியை எண்ணாக எழுதச் சொல்லுங்கள். மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு புள்ளி. ஒரு மாதம் போதும். தீபாவளி ஆர்டர் நேரத்தில் ஒன்றரை ஷிப்ட் பார்த்த நாட்களில் எண் ஏறியிருக்கும். மாதவிலக்கை ஒட்டி மூன்று நாள் ஏறியிருந்தால் அது வேறு சேதி. புள்ளிகளையும் எண்ணுங்கள். சாதாரண வலி மாத்திரை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, கலவை மாத்திரை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கும் மேலாகப் போகிறதென்றால் மாத்திரையே தலைவலியை வளர்த்துக்கொண்டிருக்கலாம். அதை நீங்களாக நிறுத்தச் சொல்லக் கூடாது. காலண்டரைக் கையில் கொடுத்து மருத்துவரிடம் அனுப்புங்கள்.

11. "தலையில நீர் கோத்துக்கிச்சுங்க" என்று சொன்னால் சிரிக்காதீர்கள்.

தனக்கு என்ன ஆகியிருக்கிறது என்று அவர் நினைக்கிறாரோ அதுவும் வலியின் ஒரு பகுதி. நீர் கோத்தது என்பவர் தலைக்குக் குளிப்பதை விட்டிருப்பார், ஆவி பிடித்திருப்பார், சுக்குப் பத்துப் போட்டிருப்பார். அதனால் கொஞ்சம் இதமாகவும் இருந்திருக்கும். இதம் கிடைத்ததைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வெந்நீர் ஒத்தடம் ஒத்துக்கொள்ளும் உடம்பு என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். மூளையில் கட்டி என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டு வெளியே சொல்லாதவர்களும் இருக்கிறார்கள். "என்னவா இருக்கும்னு உங்களுக்குத் தோணுதுங்க?" என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

தூக்கத்தையும் கேளுங்கள். ஒரு ராத்திரி தூக்கம் கெட்டாலே மறுநாள் அதே அழுத்தம் கூடுதலாக வலிக்கும். நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு, தகரக் கூரை வீட்டில் பகலில் படுக்கிறவருக்கு எந்தத் தலையணை வாங்கிக் கொடுத்தாலும் தூக்கம் வராது. வட்டிக் கடன், குடிக்கிற கணவன், படிப்பை நிறுத்திய பிள்ளை என எல்லாம் அந்த எண்ணுக்குள் இருக்கிறது. அதையெல்லாம் நீங்கள் தீர்த்துவைக்க முடியாது. தெரிந்திருந்தால் கையின் அழுத்தத்தையாவது அதற்கேற்ப மாற்றலாம். மனச்சோர்வு தெரிந்தால் அதற்கான மருத்துவரிடம் அனுப்பத் தயங்காதீர்கள். "வலி உங்க மனசுலதான் இருக்கு" என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். அப்படிக் கேட்டவர்கள் திரும்பி வருவதில்லை.

12. குணமாகாதவர்களையும் கணக்கில் வையுங்கள்.

பிரிஸ்பேனில் க்வென் ஜுல்லும் மற்றவர்களும் இந்தத் தலைவலி உள்ள 200 பேரை வைத்துச் செய்த சோதனை 2002-ல் வெளிவந்தது. மூட்டை அசைத்துத் தரும் சிகிச்சையும், நான் மேலே சொன்ன மெல்லிய பயிற்சியும் தனித்தனியாகவே பலன் தந்தன. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோதும் பலன் நின்றிருந்தது. எத்தனை வருஷமாக வலி இருக்கிறது என்பது பலனைக் குறைக்கவில்லை. பதினைந்து வருஷத் தலைவலி என்று ஒருவர் வந்தால் மனம் தளராதீர்கள் என்று நான் சொல்வது அந்தத் தைரியத்தில்தான். ஆனால் அது இருநூறு பேரின் சராசரி. உங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பவர் முழுக்கக் குணமானவர்கள் பக்கமா, ஒன்றும் மாறாதவர்கள் பக்கமா என்று முதல் நாளில் யாராலும் சொல்ல முடியாது. ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் காலண்டரில் எண் அசையவில்லை என்றால் அவரிடமே அதை எடுத்துக் காட்டி, வேறு வழி பார்ப்போம் என்று சொல்லிவிடுங்கள். உடம்பு முழுக்க வலிக்கிறதா, தலைவலி வேறு வகையா என்று மறுபடி தொடக்கத்திலிருந்து பாருங்கள். நரம்பியல் மருத்துவருக்குக் கடிதம் எழுதுங்கள். காசு வாங்கிக்கொண்டே மாதக்கணக்கில் இழுக்காதீர்கள்.

பண்டல் தூக்கும் ஒருவர் ஆறு வருஷமாக என்னிடம் வருகிறார். எல்லா மருத்துவர்களையும் பார்த்துவிட்டார், ஸ்கேனில் ஒன்றுமில்லை. நான் செய்ததில் எதுவும் அவருடைய வலியை ஆறுக்குக் கீழே கொண்டுவரவில்லை. முதல் வருஷம் அவருடைய கேள்வி ஒன்றுதான், "எப்பங்க சரியாகும்?" தெரியவில்லை என்றே சொன்னேன். பிறகு இருவரும் உட்கார்ந்து, ஆறு வலியோடு என்னென்ன செய்யலாம் என்று ஒரு தாளில் எழுதினோம். பண்டலைத் தோளிலிருந்து ட்ராலிக்கு மாற்றச் சொல்லி அவர் முதலாளியிடம் நானே போய்ப் பேசினேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சுவரோரம் நின்று கழுத்தைத் தளர்த்துகிறார். ஞாயிற்றுக்கிழமை மகனோடு கேரம் ஆடுகிறார். குனிந்து ஆடினால் ஏழாகிறது, அதனால் போர்டை ஸ்டூல் மேல் தூக்கி வைத்திருக்கிறார்கள். மாதத்தில் முதல் செவ்வாய்க்கிழமை காலண்டரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வருவார். கட்டம் கட்டமாக ஆறு, ஆறு, ஏழு, ஆறு என்று எழுதியிருக்கும். நான் ஒவ்வொன்றாகப் படித்துவிட்டுத்தான் அவர் தலைக்கு அடியில் கையைக் கொடுப்பேன்.